34 மணி நேரம்: ஒரு காத்திருப்பு அறை மரணமும் குடும்ப மருத்துவப் பயிற்சியும்

2008 செப்டம்பர் 19, வெள்ளிக்கிழமை. கனடாவின் மானிடோபா மாகாணத் தலைநகரான வினிபெக். பிரையன் சின்க்ளேர் என்ற 45 வயது மனிதர் சக்கர நாற்காலியில் ஒரு சமூக கிளினிக்குக்கு வருகிறார். அனிஷினாபே பூர்வகுடியைச் சேர்ந்தவர். அதற்கு முந்தைய ஆண்டு கடுங்குளிரில் உறைந்ததில் இரண்டு கால்களையும் இழந்தவர். சிறுநீர்ப்பைக்கான நரம்புகள் சரியாக வேலை செய்யாததால் கத்தீட்டர், அதாவது சிறுநீரை வெளியேற்றும் குழாய், பொருத்தியிருந்தார்கள். அது அடைத்துக்கொண்டது. வயிற்று வலி, சிறுநீர் இறங்கவில்லை.

கிளினிக் மருத்துவர் பார்த்தார், விஷயத்தைப் புரிந்துகொண்டார், எமர்ஜென்சிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். டாக்ஸியும் ஏற்பாடானது. பிற்பகல் மூன்று மணியை ஒட்டி சின்க்ளேர் நகரின் மிகப் பெரிய மருத்துவமனையான ஹெல்த் சயின்சஸ் சென்டரின் எமர்ஜென்சி வாசலில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை, வந்து 34 மணி நேரம் கழித்து, அதே காத்திருப்பு அறையில், அதே சக்கர நாற்காலியில் அவர் இறந்துகிடப்பது தெரியவந்தது. உடல் விறைத்திருந்தது. அதாவது, உயிர் போய்ச் சில மணி நேரம் ஆகியும் யாரும் கவனிக்கவில்லை.

சாவுக்குக் காரணம் சிறுநீர்ப்பைத் தொற்று முற்றி வயிற்று உள்ளுறை முழுக்கப் பரவியது. கத்தீட்டரை மாற்றி ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தால் போதும். ஒரு நர்ஸும் ஒரு ஜூனியர் டாக்டரும் சேர்ந்து சிறிது நேரத்தில் முடிக்கக்கூடிய வேலை அது.

கனடாவில் குடும்ப மருத்துவப் பயிற்சி இரண்டு ஆண்டு. அந்தப் பயிற்சியில் இருப்பவர்கள் பூர்வகுடி நோயாளிகள் விஷயத்தில் ‘பண்பாட்டுப் பாதுகாப்பு’ (தன் பின்னணிக்காக இழிவுபடாமல் நோயாளி பாதுகாப்பாக உணரும் சிகிச்சை) என்பதை எப்படிப் புரிந்துகொள்கிறார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வழக்குதான் முதலில் வந்து நிற்கிறது. வழக்கமாக இதை எமர்ஜென்சி நெரிசலின் கதையாகச் சொல்வார்கள். ஆனால் இது தொடங்கியது ஒரு குடும்ப மருத்துவக் கிளினிக்கில். அந்த முனையிலிருந்தே பார்க்கலாம் என்று தோன்றுகிறது.

அந்த அறையில் நடந்தது

கண்காணிப்புக் கேமராவில் பெரும்பகுதி பதிவாகியிருக்கிறது. சின்க்ளேர் நாற்காலியை உருட்டிக்கொண்டு ட்ரையாஜ் மேசைக்கு, அதாவது யாரை முதலில் பார்ப்பது என்று தரம் பிரிக்கும் இடத்துக்கு, போகிறார். அங்கிருந்த உதவியாளரிடம் பேசுகிறார். உதவியாளர் ஒரு தாளில் ஏதோ குறித்துக்கொள்கிறார். சின்க்ளேர் காத்திருக்கும் இடத்துக்குப் போய்விடுகிறார். அவர் பெயர் பதிவேட்டில் ஏறவேயில்லை. பெயர் ஏறாததால் யாரும் கூப்பிடவும் இல்லை.

வெள்ளி இரவு போனது. சனி பகல், சனி இரவு போனது. நர்ஸ்கள் கடந்து போனார்கள், செக்யூரிட்டி கடந்து போனார்கள், துப்புரவுப் பணியாளர்கள் கடந்து போனார்கள். இடையில் வாந்தி எடுத்தார். தரையைச் சுத்தம் செய்தார்கள், ஒரு கிண்ணமும் கொடுத்தார்கள். காத்திருந்த மற்ற நோயாளிகளும் உடன் வந்தவர்களும் ‘அந்த ஆளைக் கொஞ்சம் பாருங்கள்’ என்று ஊழியர்களிடம் சொல்லியிருக்கிறார்கள். கடைசியில் அவர் இறந்துவிட்டார்போலத் தெரிகிறது என்று சொன்னதும் பொதுமக்களில் ஒருவர்தான்.

பின்னால் விசாரணையில் ஊழியர்கள் ஒவ்வொருவராக வந்து தாங்கள் என்ன நினைத்தோம் என்று சொன்னார்கள். குடித்துவிட்டுத் தூங்குகிறார் என்று ஒருவர் நினைத்தார். வீடில்லாதவர், குளிருக்கு ஒதுங்கியிருக்கிறார் என்று இன்னொருவர். ஏற்கெனவே பார்த்து அனுப்பிவிட்டார்கள், வண்டிக்காகக் காத்திருக்கிறார் என்று வேறொருவர். பெயர் பதிந்தாகிவிட்டது, படுக்கைக்காகத்தான் இருக்கிறார் என்றும் சிலர். இத்தனை ஊகங்களில் எதையும் யாரும் அவரிடமே கேட்டுச் சரிபார்க்கவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து ‘என்ன ஐயா, எதற்கு வந்தீர்கள்?’ என்று ஒருவர் கேட்டிருந்தால் கடிதம் வெளியே வந்திருக்கும்.

இந்த ஊகங்களைப் பயிற்சி மருத்துவர்கள் முன்னால் வைத்தால் பெரும்பாலும் வரும் முதல் பதில், ‘அங்கே வேலை பார்த்தவர்கள் கெட்டவர்கள்’ என்பதாக இருக்கும். இந்தப் பதிலை நான் ஏற்கமாட்டேன். ஒரே வார இறுதியில், இத்தனை ஷிப்டுகளில், இத்தனை பேரும் கெட்டவர்களாக இருக்க முடியாது. நல்லவர்களும் களைத்தவர்களும் அவசரக்காரர்களும் கலந்த ஒரு கூட்டம் அது. அவர்கள் எல்லோர் தலையிலும் ஒரே படம் தயாராக இருந்தது. கால் இல்லாத, நாற்காலியில் சரிந்திருக்கும் ஒரு பூர்வகுடி ஆண் என்றால் அவர் யார், எதற்கு வந்திருப்பார் என்பதற்கு அந்த நகரம் ஏற்கெனவே ஒரு விடையை வைத்திருந்தது. கனடாவின் நகரங்களில் பூர்வகுடி மக்கள் அதிகம் வாழ்வது வினிபெக்கில்தான். 2021 கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்கு மேல். அந்த ஊழியர்களுக்கு இவர்கள் புதியவர்கள் இல்லை. தினம் பார்த்துப் பழகிய முகங்கள்.

விசாரணை எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை

மரண விசாரணை 2013 ஆகஸ்டில் தொடங்கியது. சாவுகளின் காரணத்தை ஆராயும் மாகாணத்தின் தலைமை மருத்துவ அதிகாரியே, அந்தச் சூழ்நிலையில் வேறு யார் வந்திருந்தாலும் இதே கதிதான் நேர்ந்திருக்கும் என்ற பொருளில் சாட்சியம் சொன்னார். விசாரணையின் இரண்டாம் பகுதி நெரிசல், நோயாளிகளின் நகர்வு, ட்ரையாஜ் முறை ஆகியவற்றை மட்டுமே எடுத்துக்கொள்ளும், இனப்பாகுபாட்டை ஆழமாகப் பார்க்காது என்று ஆனபோது, 2014 பிப்ரவரியில் சின்க்ளேரின் குடும்பம் விசாரணையிலிருந்து விலகிக்கொண்டது. பூர்வகுடி மக்களுக்கான டொரண்டோ சட்ட உதவி அமைப்பும் விலகியது. அந்த டிசம்பரில் நீதிபதி டிமோதி பிரெஸ்டன் 63 பரிந்துரைகளோடு அறிக்கை கொடுத்தார். அவற்றில் உருப்படியானவை உண்டு. காத்திருப்பவர்களைக் குறித்த இடைவெளியில் போய்ப் பார்ப்பது, பதிவுமுறையை மாற்றுவது போன்றவை எந்த மருத்துவமனைக்கும் தேவையானவை.

ஆனால் குடும்பம் கேட்ட கேள்வி அப்படியே நின்றது. 2017ல் மருத்துவர்களும் ஆய்வாளர்களும் சேர்ந்த பிரையன் சின்க்ளேர் பணிக்குழு, இந்தச் சாவில் அமைப்புரீதியான இனவெறிக்கு இருந்த பங்கை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எழுதியது. ‘யார் வந்திருந்தாலும் இதே கதிதான்’ என்ற வாதத்தைப் பயிற்சி மருத்துவர்கள் சுலபமாக ஏற்றுக்கொள்வார்கள். காரணம், அதில் யாருக்கும் வலி இல்லை. அதைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு: நல்ல கோட்டு போட்ட ஒரு வெள்ளைக்கார முதியவர் 34 மணி நேரம் அதே இடத்தில் சரிந்து கிடந்து வாந்தி எடுத்திருந்தால், அவர் குடித்திருக்கிறார் என்று எத்தனை பேர் நினைத்திருப்பார்கள்? இந்தக் கேள்விக்குப் பிறகு ஒரு வகுப்பில் வரும் மௌனத்தை அவசரப்பட்டு நிரப்பக் கூடாது என்பது என் கருத்து.

பயிற்சி மருத்துவர்கள் எதைப் புரிந்துகொள்கிறார்கள்

கனடாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015ல் 94 கோரிக்கைகளை வைத்தது. 24ஆவது கோரிக்கை, மருத்துவ, செவிலியர் கல்லூரிகள் எல்லாம் பூர்வகுடி மக்களின் ஆரோக்கியம் பற்றி ஒரு கட்டாயப் பாடம் நடத்த வேண்டும் என்கிறது. பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகளின் வரலாறு, உடன்படிக்கைகள், பூர்வகுடி மருத்துவ முறைகள், இனவெறி எதிர்ப்புப் பயிற்சி எல்லாம் அதில் அடங்கும். ஆகவே இன்று பயிற்சிக்கு வருபவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளுக்குக் கொண்டுபோகப்பட்டது தெரியும். அதற்காக அன்றைய பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது தெரியும். அந்த மன்னிப்பு 2008 ஜூன் 11 அன்று. சின்க்ளேர் வினிபெக்கில் செத்தது அதே ஆண்டு செப்டம்பரில், மூன்று மாதம்தான் இடைவெளி. இதைச் சொன்னால் மட்டும் பலர் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தெரிந்ததெல்லாம் இருந்தும், பண்பாட்டுப் பாதுகாப்பு என்றால் என்ன என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது பண்பாட்டைப் பற்றிய அறிவுதான். புனிதப் புல்லை எரித்துப் புகை காட்டும் சடங்கை மதிக்க வேண்டும், மூத்தோரை அழைக்க வேண்டும், கண்ணைப் பார்த்துப் பேசாவிட்டால் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஒரு பட்டியல் வரும். இவை எதுவும் தவறில்லை. ஆனால் வினிபெக் காத்திருப்பு அறையில் இருந்த எல்லோருக்கும் அனிஷினாபே மரபுகள் முழுக்கத் தெரிந்திருந்தாலும் சின்க்ளேர் பிழைத்திருக்க மாட்டார். அங்கே தேவைப்பட்டது அவருடைய பண்பாட்டைப் பற்றிய அறிவு இல்லை. தன் தலைக்குள் ஓடும் படத்தைத் தானே சந்தேகிக்கும் பழக்கம்.

இந்தக் கருத்தை முதலில் கூர்மையாகச் சொன்னவர்கள் நியூசிலாந்தின் பூர்வகுடியான மாவோரி செவிலியர்கள். 1980களின் கடைசியில் அங்கே பேச்சு தொடங்கியது. இரிஹாபெட்டி ராம்ஸ்டன் என்ற மாவோரி செவிலியர் அதை ஒரு முழுப் பாடமாக வளர்த்தெடுத்தார். 1992ல் நியூசிலாந்து செவிலியர் மன்றம் அதைக் கல்வியின் பகுதியாக்கியது. அவர் சொன்னதன் சாரம் இதுதான்: பார்க்க வேண்டியது நோயாளியின் வித்தியாசத்தை இல்லை, மருத்துவம் செய்பவரின் அதிகாரத்தை. சிகிச்சை பாதுகாப்பாக இருந்ததா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் சிகிச்சை பெற்றவர். இந்த இரண்டாவது பகுதிதான் பயிற்சி மருத்துவர்களுக்குத் தொண்டையில் சிக்கும். நான்கு வருடம் மருத்துவம் படித்து, தேர்வுகள் எழுதி வந்தவருக்கு, ‘நீ நல்லபடியாக நடந்துகொண்டாயா என்பதை நீ முடிவு செய்ய முடியாது’ என்று கேட்பது கஷ்டம்தான்.

ஒரு கர்ப்பப் பரிசோதனை

சரி, இது கிளினிக் மேசையில் எப்படி இறங்குகிறது? குடும்ப மருத்துவப் பயிற்சியில் தினம் வரும் ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம்: முதல் கர்ப்பப் பரிசோதனை. படிவத்தில் எல்லோருக்கும் ஒரே கேள்விகள். புகைக்கிறீர்களா, குடிக்கிறீர்களா, போதை மருந்து உண்டா, வீட்டில் பாதுகாப்பாக இருக்கிறீர்களா, மூத்த குழந்தைகள் உங்களோடுதான் இருக்கிறார்களா. பயிற்சி மருத்துவருக்கு இவை வழக்கமான கேள்விகள். வேகமாகக் கேட்டு டிக் செய்துவிட்டு ரத்த அழுத்தத்துக்குப் போக வேண்டும்.

எதிரே உட்கார்ந்திருக்கும் பூர்வகுடிப் பெண்ணுக்கு இவை வழக்கமான கேள்விகள் இல்லை. மானிடோபாவில் 2020 ஜூலை 1 வரை ‘பிறப்பு எச்சரிக்கை’ என்றொரு முறை இருந்தது. கர்ப்பிணி குழந்தையை வளர்க்கத் தகுதியில்லாதவர் என்று சமூக சேவை அமைப்பு சந்தேகித்தால், மருத்துவமனைக்கு முன்கூட்டியே தகவல் போகும். அவர் அங்கே பிரசவித்ததும் மருத்துவமனை அந்தச் சமூக சேவை அமைப்புக்குத் தெரிவிக்கும். பலரிடமிருந்து குழந்தையைப் பிரசவ வார்டிலேயே எடுத்துக்கொண்டு போனார்கள். அந்த மாகாணத்தில் அரசுப் பராமரிப்பில் உள்ள குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்குப் பூர்வகுடிக் குழந்தைகள். இந்த நிலையில் ‘குடிப்பீர்களா?’ என்ற கேள்விக்கு அந்தப் பெண் தரையைப் பார்த்து ‘இல்லை’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துக்கொண்டால், அடுத்த முறை வராமலே இருந்துவிட்டால், அது தன்னைக் காத்துக்கொள்ளும் புத்திசாலித்தனம். பயிற்சி மருத்துவரின் குறிப்பேட்டில் அது ‘ஒத்துழைக்கவில்லை, தொடர் பரிசோதனைக்கு வரவில்லை’ என்று ஏறும். அந்த வரி மின்னணுப் பதிவில் நிரந்தரமாகத் தங்கும். அடுத்து பார்க்கும் மருத்துவர் அந்த வரியோடுதான் அவரைச் சந்திப்பார்.

இதே கேள்விகளை வேறு மாதிரி கேட்க முடியும். ‘எல்லோரிடமும் கேட்கும் சில கேள்விகள் இருக்கின்றன. எதற்குக் கேட்கிறேன், பதில் எங்கே போகும், யார் பார்ப்பார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பதில் சொல்ல விருப்பமில்லை என்றால் சொல்லலாம், அதனால் உங்கள் சிகிச்சை குறையாது.’ இப்படித் தொடங்கினால் இரண்டு நிமிடம் கூடுதலாகும், அவ்வளவுதான். ஆனால் ஒன்று முக்கியம்: பொய் வாக்குறுதி கொடுக்கக் கூடாது. குழந்தைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மருத்துவர் தெரிவித்தே ஆக வேண்டிய சூழ்நிலைகள் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பாதுகாப்பு என்பது இனிமையாகப் பேசுவதில் வந்துவிடாது. பதில் எங்கே போகும் என்பது நோயாளிக்கும் தெரிய வேண்டும், மருத்துவருக்கும் தெரிய வேண்டும்.

குறிப்பேட்டு வரியையும் அப்படியே மாற்றி எழுதலாம். ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை’ என்பதற்குப் பதிலாக, ‘சர்க்கரை மருந்து இரண்டு வாரம் கிடைக்கவில்லை, ஊருக்கு வரும் விமானம் வானிலையால் ரத்து’ என்று எழுதினால் அடுத்த மருத்துவருக்கு என்ன செய்ய வேண்டும் என்பது உடனே தெரியும். வடக்கு மானிடோபாவில் சாலையே இல்லாத, விமானத்திலோ பனிக்காலப் பாதையிலோ மட்டும் போகக்கூடிய ஊர்கள் பல. அங்கிருந்து ஒரு ஸ்பெஷலிஸ்ட்டைப் பார்க்க நகரத்துக்கு வர வேண்டுமென்றால், அரசுத் திட்டத்தின் கீழ்ப் பயண அனுமதி வாங்கி, விமானம் பிடித்து, தெரியாத ஊரில் தங்கி, பிறகு காத்திருப்பு அறையில் உட்கார வேண்டும். வரவில்லை என்று எழுதுவதற்கு முன்னால் ஏன் வர முடியவில்லை என்று ஒரு போன் போட்டுக் கேட்பது மருத்துவம்தான்.

கடிதத்தோடு வேலை முடிந்ததா?

இங்கே மீண்டும் சின்க்ளேருக்கு வருகிறேன். கிளினிக் மருத்துவர் நோயைச் சரியாகப் பிடித்தார், சரியான இடத்துக்கு அனுப்பினார். தேர்வில் இது முழு மதிப்பெண். ஆனால் அந்தக் கடிதம் யார் கையில் போனது? பேசச் சிரமப்படும், பழைய நோய்களால் நினைவும் மங்கியிருந்த, தனியாக வந்த ஒருவர் கையில். வாசலில் தன்னை ஒருவர் நம்ப வேண்டும் என்பதற்காக அவர் எவ்வளவு பேச வேண்டியிருக்கும் என்பதை நாம் அவர் தலையில் கட்டிவிட்டோம்.

பயிற்சி மருத்துவர்களிடம் நான் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றுதான். எமர்ஜென்சிக்கு அனுப்பினால் போன் செய்யுங்கள். ட்ரையாஜ் நர்ஸின் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ‘இன்னார் வருகிறார், கத்தீட்டர் அடைப்பு, தொற்று இருக்கலாம், அவர் குடித்திருக்கவில்லை, நான் இப்போதுதான் பார்த்தேன்’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மாலையில் இன்னொரு முறை அழைத்து, போய்ச் சேர்ந்தாரா என்று கேளுங்கள். சேரவில்லை என்றால் கிளினிக்கின் பூர்வகுடி நலப் பணியாளரிடமோ குடும்பத்திடமோ சொல்லுங்கள். நாம் நமக்குத் தெரிந்தவர் ஒருவரை அனுப்பினால் இதைத்தான் செய்வோம். ‘என் மாமாவை அனுப்பியிருக்கேன், கொஞ்சம் பாருங்க’ என்று போன் போகும். அந்தச் செல்வாக்கு இல்லாதவருக்கு மருத்துவர்தான் அதைக் கொடுக்க வேண்டும். நெரிசலான மருத்துவமனையில் இதையெல்லாம் செய்ய நேரம் எங்கே என்று கேட்பார்கள். எல்லோருக்கும் செய்ய முடியாதுதான். வாசலில் சந்தேகத்தோடு பார்க்கப்படப் போகிறவர் யார் என்று நமக்கு முன்கூட்டியே தெரியும். அவருக்காவது செய்யலாம்.

பூர்வகுடி மக்கள் மருத்துவமனையை எப்படிப் பார்க்கிறார்கள் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. பூர்வகுடிகளை அப்போது ‘இந்தியர்’ என்றே அழைத்தார்கள். அவர்களுக்கு ‘இந்தியர் மருத்துவமனைகள்’ என்று தனியாக நடத்தினார்கள். எட்மண்டன் நகரில் சார்ல்ஸ் கேம்சல் என்ற அப்படிப்பட்ட மருத்துவமனை 1946ல் திறந்தது. காசநோய் என்று வடக்கிலிருந்து கொண்டுவந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் அடைபட்டார்கள், சிலர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்றே குடும்பத்துக்குத் தெரியவில்லை. இது பாட்டி தாத்தா காலத்துக் கதை என்று தள்ள முடியாது. 2020 செப்டம்பர் 28 அன்று கியூபெக்கின் ஜோலியெட் மருத்துவமனையில் அட்டிகாமெக் இனத்தைச் சேர்ந்த ஜாய்ஸ் எச்சாகுவான், 37 வயது, ஏழு குழந்தைகளின் தாய், சாகும் தறுவாயில் ஊழியர்கள் தன்னை இழிவாகப் பேசுவதை போனில் நேரலையாக ஒளிபரப்பினார். அவர் போதை மருந்துப் பழக்கத்தில் தவிக்கிறார் என்று அங்கே ஊகித்திருந்தார்கள். இறந்தது நுரையீரலில் நீர் கோத்ததால். மரண விசாரணை அதிகாரி ஷேஹான் கமெல், இனவெறியும் தப்பெண்ணமும் இந்தச் சாவுக்குப் பங்களித்தன என்று 2021ல் எழுதினார். வினிபெக்குக்குப் பிறகு 12 ஆண்டு, அதே வகை ஊகம்.

தமிழ்ப் பின்னணியோடு கனடாவில் குடும்ப மருத்துவம் பயிலும் நம் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. போர், இடப்பெயர்வு, அகதி வாழ்க்கை என்று நம் வீடுகளில் கேட்ட கதைகள் நிறைய. அதனாலேயே ‘எங்களுக்குப் புரியும்’ என்ற எண்ணம் சீக்கிரம் வந்துவிடுகிறது. அந்த உணர்வு நல்ல தொடக்கம், ஆனால் அது நோயாளிக்குப் பாதுகாப்பைத் தராது. வெள்ளைக் கோட்டு போட்டு அந்த அறைக்குள் நுழையும்போது நாமும் மருத்துவமனையின் ஆள்தான். நம் வலியைச் சொல்லி நெருக்கம் தேட வேண்டிய இடம் இல்லை அது.

மிச்சம் இருப்பது மதிப்பீடு. பயிற்சி மருத்துவர்களின் பண்பாட்டுப் பாதுகாப்பை இன்று பெரும்பாலும் மேற்பார்வை மருத்துவர்தான் மதிப்பிடுகிறார். ஒரு ஆன்லைன் பாடத்தை முடித்த சான்றிதழ் கோப்பில் இருந்தால் அந்த வரி நிறைந்துவிடுகிறது. ராம்ஸ்டன் சொன்னதை ஏற்றால் இது தலைகீழாக வேண்டும். பூர்வகுடி நோயாளிகளிடமும் அவர்கள் குடும்பத்தாரிடமும், அவர்கள் நம்பும் ஒரு பூர்வகுடிப் பணியாளர் மூலமாக, பெயர் வெளியே வராத வகையில் கேட்க வேண்டும்: இந்த மருத்துவரிடம் மறுபடி வருவீர்களா? உங்கள் மகளை அனுப்புவீர்களா? இதைக் கேட்கும் வேலையைச் சும்மா செய்யச் சொல்லக் கூடாது. நோயாளிகளுக்கும் பணியாளருக்கும் அவர்கள் நேரத்துக்கு உரிய பணம் கொடுக்க வேண்டும். கிடைக்கும் பதில் பயிற்சி மருத்துவரின் மதிப்பெண்ணில் ஏற வேண்டும். சரியில்லை என்று வந்தால், ஒரு மருந்தின் அளவைத் தவறாக எழுதியதற்கு எவ்வளவு அக்கறையோடு உட்கார்ந்து பேசுவோமோ, அதே அக்கறையோடு அவரை உட்கார வைத்துப் பேச வேண்டும்.